லூர்தம்மாள் சைமன்: குளச்சல் தொகுதியும் பழவேற்காட்டுக் கரையும்

லூர்தம்மாள் சைமன் 1957 முதல் 1962 வரை சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் குளச்சல் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர். காமராசரின் இரண்டாவது அமைச்சரவையில் உள்ளாட்சித் துறை, மீன்வளம் ஆகியவற்றின் பொறுப்பை வகித்தார். அந்த அமைச்சரவையில் இருந்த ஒரே பெண் அவர்தான். மீனவச் சமூகத்தைச் சேர்ந்தவர். ஒரே ஒரு முறை சட்டமன்ற உறுப்பினர், ஒரே ஒரு முறை அமைச்சர் என ஐந்து ஆண்டுகளில் முடிந்துவிட்ட அரசியல் வாழ்க்கை அது. ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளில் அவர் துறையிலிருந்து வெளிவந்த சட்டமும், மீன்பிடித் தொழிலில் தொடங்கிய மாற்றமும் தமிழகத்தின் கடற்கரை ஊர்களை இன்றுவரை தொடர்ந்து வருகின்றன.

இக்கட்டுரை அவருடைய பணியைக் குளச்சலிலிருந்து பார்க்காமல், மாநிலக் கடற்கரையின் மறுகோடியில் உள்ள பழவேற்காட்டிலிருந்து பார்க்க முயல்கிறது. குளச்சல் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் அரபிக் கடலோரம் உள்ளது. பழவேற்காடு வடகிழக்கு மூலையில், ஆந்திர எல்லையை ஒட்டி, ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் உள்ளது. இரண்டுக்கும் இடையே மாநிலக் கடற்கரையின் பெரும்பகுதியும் நூற்றுக்கணக்கான மீன்பிடி ஊர்களும் இருக்கின்றன. ஒரு தொகுதியின் உறுப்பினர் மாநிலம் முழுவதற்கும் அமைச்சராகும்போது, அவரைத் தேர்ந்தெடுக்காத கரைக்கு என்ன கிடைத்தது என்பதே கேள்வி.

பின்னணி

குளச்சல் அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. தமிழ் பேசும் தென் வட்டங்களைச் சென்னை மாநிலத்துடன் இணைக்கக் கோரி மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு போராடியது. 1954 ஆகஸ்டு 11 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. மாநிலச் சீரமைப்புக்குப் பிறகு 1956 நவம்பர் 1 அன்று அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துக்கு வந்தன. அடுத்த ஆண்டே பொதுத்தேர்தல் வந்தது. புதிதாக இணைந்த மாவட்டம் சென்னைச் சட்டமன்றத்துக்கு உறுப்பினர்களை அனுப்பிய முதல் தேர்தல் அது.

லூர்தம்மாளின் கணவர் ஏ. எம். சைமன் அரசியலில் இருந்தவர். லூர்தம்மாள் காங்கிரசு வேட்பாளராகக் குளச்சலில் போட்டியிட்டு வென்றார். 205 இடங்கள் கொண்ட அவையில் காங்கிரசு 151 இடங்களைப் பிடித்தது. திராவிட முன்னேற்றக் கழகம் முதன்முறையாகத் தேர்தலில் நின்று, காஞ்சிபுரத்திலிருந்து அண்ணாவையும் குளித்தலையிலிருந்து கருணாநிதியையும் அவைக்கு அனுப்பிய தேர்தலும் இதுவே.

1957 ஏப்ரலில் காமராசர் தம் இரண்டாவது அமைச்சரவையை அமைத்தார். முதலமைச்சரையும் சேர்த்து எட்டே பேர்: காமராசர், பக்தவத்சலம், சி. சுப்பிரமணியம், ஆர். வெங்கட்ராமன், மாணிக்கவேலு நாயக்கர், கக்கன், வி. இராமையா, லூர்தம்மாள் சைமன். முதன்முறையாகச் சட்டமன்றத்துக்கு வந்த ஒருவருக்கு, அதுவும் சென்னை மாநிலத்தில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத மாவட்டத்தைச் சேர்ந்தவருக்கு, இந்த எட்டில் ஓர் இடம் கிடைத்தது சாதாரணமல்ல. புதிய மாவட்டம், பெண், மீனவச் சமூகம், சிறுபான்மைச் சமயம் ஆகிய நான்கையும் ஒரே நியமனத்தில் காமராசர் கணக்கில் எடுத்துக்கொண்டார் என்று கொள்வதில் தவறில்லை. கணக்குப் போட்டு அமர்த்தப்பட்டவர்கள் கணக்குக்கு மேல் வேலை செய்ததும் உண்டு. அதை அவர்கள் கையில் இருந்த துறையை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

"முதல் பெண் அமைச்சர்" என்ற அடைமொழி

இவரைத் தமிழகத்தின் முதல் பெண் அமைச்சர் என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. அது சரியன்று. 1946-47-இல் பிரகாசம் அமைச்சரவையில் சுகாதாரத் துறையை ஏற்ற ருக்மிணி லட்சுமிபதியே சென்னை மாகாணத்தின் முதல் பெண் அமைச்சர். 1953-54-இல் இராசாசி அமைச்சரவையில் ஜோதி வெங்கடாசலம் இருந்தார். 1954-இல் அமைந்த காமராசரின் முதல் அமைச்சரவையில் பெண்கள் இல்லை. ஆகவே காமராசர் அமைச்சரவையின் முதல் பெண் அமைச்சர் என்பதே லூர்தம்மாளுக்குப் பொருந்தும்.

கடற்கரைச் சமூகத்திலிருந்து வந்த முதல் அமைச்சர் என்பதிலும் இதே கவனம் தேவை. தூத்துக்குடியைச் சேர்ந்த ஜே. எல். பி. ரோச் விக்டோரியா அதற்கு முன்பே, குமாரசாமி ராசா காலத்தில் அமைச்சராக இருந்திருக்கிறார். ஆனால் ரோச் குடும்பம் தூத்துக்குடியின் செல்வாக்கு மிக்க குடும்பம். குளச்சல் கரையின் நிலை வேறு. அடைமொழிகளை உதறிவிட்டுப் பார்த்தால்தான் அவர் செய்த வேலை கண்ணில் படுகிறது.

ஊராட்சிச் சட்டம், 1958

இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் உள்ள மாநிலப் பட்டியலில் ஐந்தாம் இனம் உள்ளாட்சி, இருபத்தொன்றாம் இனம் மீன்வளம். லூர்தம்மாளிடம் இருந்த இரண்டு பொறுப்புகளும் முழுக்க மாநிலத்தின் அதிகாரத்துக்குள் வருபவை. நிதிக்கு மத்திய அரசைப் பார்க்க வேண்டியிருக்கலாம். சட்டத்துக்கு வேண்டியதில்லை.

அப்போது ஊர் நிர்வாகம் இரண்டு பழைய அமைப்புகளில் நின்றது. ஒன்று 1920-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கிய மாவட்டக் கழகங்கள். பள்ளி, சாலை, மருத்துவமனை எல்லாம் அவற்றிடம் இருந்தன. மற்றொன்று 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கிராமப் பஞ்சாயத்துகள். எல்லா ஊர்களிலும் அவை அமையவில்லை. இருந்த இடங்களிலும் கையில் காசில்லை. 1957 இறுதியில் பல்வந்த்ராய் மேத்தா குழு நாடு முழுவதற்கும் பஞ்சாயத்து ஆட்சியைப் பரிந்துரைத்தது. சென்னை அரசும் அதே காலத்தில் தன் உள்ளாட்சிச் சீர்திருத்தத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது. அதன் விளைவுதான் 1958-ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிச் சட்டம்.

இந்தச் சட்டம் மாவட்டக் கழகங்களை இல்லாமல் ஆக்கியது. கீழே ஊராட்சி, அதற்கு மேல் வளர்ச்சி வட்டார எல்லையையே தன் எல்லையாகக் கொண்ட ஊராட்சி ஒன்றியம் என இரண்டு அடுக்குகளை வைத்தது. மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையிலான வளர்ச்சி மன்றம் ஆலோசனை சொல்லும் அமைப்பாக மட்டும் இருந்தது. ஊராட்சித் தலைவர்களே ஒன்றியக் குழுவின் உறுப்பினர்கள் ஆனார்கள். அவர்களுக்குள் ஒருவர் ஒன்றியத் தலைவர் ஆனார். 1960 அக்டோபர் முதல் ஓராண்டில் படிப்படியாக மாநிலம் முழுவதும் சுமார் 375 ஒன்றியங்கள் செயலுக்கு வந்தன. தொடக்கப்பள்ளிகள் ஒன்றியங்களின் பொறுப்பாயின. பள்ளி மதிய உணவுத் திட்டம் ஊர்தோறும் பரவியதற்கு இந்த அமைப்பு கைகொடுத்தது. ஊர்க் கிணறு, தெருவிளக்கு, இணைப்புச் சாலை என அன்றாட வேலைகளுக்கு மாவட்டத் தலைநகரைப் பார்த்துக் காத்திருக்கும் நிலை குறைந்தது.

இந்தச் சட்டத்தின் பெருமையைக் காமராசருக்கோ அதிகாரிகளுக்கோ கொடுத்துவிட்டு, துறை அமைச்சரின் பெயரைச் சொல்லாமல் விடும் போக்கு உண்டு. காமராசரின் ஆதரவு இல்லாமல் இது நடந்திராது என்பது உண்மைதான். ஆனால் சட்டமன்ற உறுப்பினர்கள் எளிதாக வரவேற்கக்கூடிய சட்டமல்ல இது. ஒரு தொகுதிக்குள் இரண்டு, மூன்று ஒன்றியத் தலைவர்கள் தனி நிதியோடும் தனிச் செல்வாக்கோடும் உருவாவதை எந்த உறுப்பினரும் ரசிக்க மாட்டார். ஐம்பதுகளின் இறுதியில் அந்த அதிகாரப் பங்கீடு நடந்தது. அதைச் செய்த துறையின் அமைச்சராக இருந்தவர் முதன்முறை உறுப்பினரான ஒரு பெண்.

பழவேற்காட்டில் இரண்டு பஞ்சாயத்துகள்

சட்டம் பழவேற்காட்டுக்கு வந்தபோது அங்கே ஏற்கெனவே ஒரு பஞ்சாயத்து இருந்தது. அதற்குச் சட்டப் புத்தகம் கிடையாது.

பழவேற்காடு ஏரியின் தென்பகுதியில், முகத்துவாரத்தை ஒட்டி, இறால் அதிகம் கிடைக்கும் இடங்கள் உள்ளன. கடலிலிருந்து ஏரிக்குள்ளும் ஏரியிலிருந்து கடலுக்கும் நீர் ஏறி இறங்கும் வழியில் வலை கட்டினால் இறால் தானாக வந்து விழும். இப்படிப்பட்ட நல்ல இடங்கள் சிலவே. எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டினால் சண்டைதான் மிஞ்சும். இதற்காக உருவானதுதான் பாடு முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்கள் இந்த உரிமையைப் பங்கிட்டுக்கொண்டன. ஊரில் திருமணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக் கணக்கில் பெயர் இருப்பவருக்கு முறை வரும். எந்த இடம் யாருக்கு, எந்த நாள் யாருக்கு என்பதைச் சீட்டுப் போட்டும் சுழற்சி வைத்தும் முடிவு செய்வார்கள். இன்று நல்ல இடத்தில் வலை கட்டியவர் நாளை சுமாரான இடத்துக்குப் போவார். முறை மீறினால் தண்டம். தண்டப் பணம் கோயில் செலவுக்கோ ஊர்ச் செலவுக்கோ போகும்.

பொதுச் சொத்தை யாரும் பாழாக்காமல் பயன்படுத்துவதற்கு உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டுகளைத் தேடுகிறார்கள். அவர்களில் சிலர் பழவேற்காட்டின் பாடு முறையையும் எழுதியிருக்கிறார்கள். அதில் வியக்கத் தக்கது நிறைய உண்டு. வலைக் கண்ணியின் அளவு முதல் வலை இழுக்கும் நேரம் வரை ஊரே கட்டுப்பாடு வைக்கிறது. அரசு அதிகாரி எவரும் ஏரியில் நின்று காவல் காக்க வேண்டியதில்லை.

ஆனால் இதே முறைக்கு வெளியே நிற்பவர்களும் உண்டு. பெண்ணுக்குத் தலைக்கட்டு இல்லை. அந்த மூன்று ஊர்களுக்கு வெளியே உள்ள தலித் மீனவர்களுக்கு முறை இல்லை. இருளர்கள் இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். அவர்களுக்கும் பாடு இல்லை. ஏரி எல்லோருக்கும் பொது, அதன் சிறந்த இடங்கள் மட்டும் சிலருக்கு என்பதே நடைமுறை. இறாலுக்கு வெளிநாட்டு விலை வந்த பிறகு இந்த வேறுபாடு கசப்பாகி, வழக்கும் பேச்சுவார்த்தையுமாக நீண்டது.

1958-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு நேர் எதிரான கணக்கில் நின்றது. அதில் தலைக்கட்டு என்ற சொல்லே இல்லை. வயது வந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரு வாக்கு. எந்தச் சாதி, எந்தக் குப்பம் என்ற கேள்வி கிடையாது. காகிதத்தில் பார்த்தால், மீனவச் சமூகத்தில் பிறந்த ஒரு பெண் அமைச்சரின் துறை, கடற்கரைப் பெண்களையும் ஏரிக்கரையின் விளிம்பில் இருந்தவர்களையும் ஊர் நிர்வாகத்தின் வாக்காளர்கள் ஆக்கியது. பழவேற்காட்டுப் பகுதி இன்று மீஞ்சூர் ஊராட்சி ஒன்றியத்தில் இருக்கிறது. பழவேற்காடு, கோட்டைக்குப்பம், லைட் ஹவுஸ் என ஊராட்சிகள் பிரிந்துள்ளன.

நடைமுறையில் இரண்டு பஞ்சாயத்துகளும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. வேலையைப் பிரித்துக்கொண்டன. தெருவிளக்கும் குடிநீர்த் தொட்டியும் சட்டப் பஞ்சாயத்துக்கு. கடலும் ஏரியும் வலையும் ஊர்ப் பஞ்சாயத்துக்கு. இந்தப் பிரிவினைக்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருந்தது. ஊராட்சி முறை வேளாண் ஊரை மனத்தில் வைத்து வரையப்பட்டது. வீட்டு வரி, நிலவரியின் பங்கு, ஏரி குளங்களின் மீன்பாசிக் குத்தகை என்று வருமானம் எல்லாம் நிலத்தைச் சுற்றியே இருந்தது. குப்பங்கள் பலவும் புறம்போக்கில் நிற்பவை. பட்டா இல்லாத வீட்டுக்கு நிலவரி ஏது? கடலுக்குக் குத்தகை ஏது? பழவேற்காடு ஏரி பாசன ஏரியும் அன்று, எந்த ஊராட்சியும் ஏலம் விட. எனவே மீனவரின் தொழிலுக்கு அடிப்படையான நீர்ப்பரப்பு சட்டத்துக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. உள்ளாட்சியும் மீன்வளமும் ஒரே அமைச்சரிடம் இருந்த அரிய ஐந்து ஆண்டுகள் அவை. இரண்டையும் இணைக்க அதைவிட நல்ல வாய்ப்பு பின்னர் வரவில்லை. இந்த வாய்ப்பு நழுவியதுதான் அந்தச் சட்டத்தின் பெரிய குறை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

எல்லைக் கோடும் ஏரியும்

அதே காலத்தில் ஏரிக்கு இன்னொரு சிக்கலும் வந்தது. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோதே பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி அந்த மாநிலத்துக்குப் போய்விட்டது. படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று மீண்டும் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன. திருத்தணிக்கான போராட்டம் வரலாற்றில் இடம் பெற்றது. ஏரிக்குள் விழுந்த கோட்டைப் பற்றி அன்று யாரும் பெரிதாகப் பேசவில்லை. மீனுக்கு மாநிலம் தெரியாது. வலை வைப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும். யார் எல்லைக்குள் யார் வலை போட்டார்கள் என்ற தகராறு இரு மாநில மீனவர்களுக்கும் இடையே தலைமுறைகளாகத் தொடர்கிறது.

இயந்திரப் படகுகள்

மீன்வளத்தில் சென்னைக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரடெரிக் நிக்கல்சன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கு மீன்வளத் துறைக்கு அடித்தளம் இட்டார். அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் ஹார்னெல் கட்டுமரங்களையும் தோணிகளையும் பற்றி நுட்பமாக எழுதினார். ஆனால் லூர்தம்மாள் பொறுப்பேற்றபோதும் தமிழகக் கரையில் பெரும்பாலான மீனவர்கள் கட்டுமரத்தில் துடுப்பும் பாயும் கொண்டே கடலுக்குப் போனார்கள்.

குளச்சலுக்கு வடக்கே, கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் 1953 முதல் இந்திய-நார்வே திட்டம் நடந்துகொண்டிருந்தது. இயந்திரப் படகு, பனிக்கட்டி, புதிய வலை ஆகிய மூன்றும் சேர்ந்தால் மீனவர் வாழ்வு மாறும் என்பது அதன் நம்பிக்கை. ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் படகு வடிவமைப்பாளர்கள் சென்னைக் கரையின் அலையைக் கடந்து கரையேறக்கூடிய படகுகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்ட காலத்தில் (1956-61) சென்னை அரசும் இதே வழியில் இறங்கியது. இயந்திரப் படகுகள் கட்டப்பட்டன. படகின் விலையில் ஒரு பங்கு மானியமாகவும் மீதி தவணைக் கடனாகவும் மீனவர்களுக்கு, பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக, கொடுக்கப்பட்டன. இயந்திரம் ஓட்டவும் பழுது பார்க்கவும் இளைஞர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. பருத்தி வலைகளின் இடத்தை நைலான் மெல்ல மெல்லப் பிடித்தது.

அன்றைய கண்ணால் பார்த்தால் இது நியாயமான திட்டம். கட்டுமரத்தில் போனவருக்கு அலைதான் முதல் எதிரி. கடன் கொடுத்த வியாபாரி இரண்டாவது எதிரி. அரசுக் கடனில் படகு வாங்கினால் இரண்டிலிருந்தும் விடுபடலாம் என்று நினைத்ததில் தவறில்லை. அந்தத் தொழிலின் அருமை தெரிந்த ஊரிலிருந்து வந்த அமைச்சருக்கு இது வெறும் கோப்பாக இருந்திருக்க முடியாது.

பழவேற்காட்டை இந்த அலை அப்போது தொடவில்லை. காரணம் எளிது. இயந்திரப் படகு கட்டி நிறுத்த ஆழமான துறை வேண்டும். பழவேற்காட்டு முகத்துவாரம் மணல் சேர்ந்து ஆழம் குறையும். சில ஆண்டுகளில் அடைத்தே போகும். படகுகள் கவிழ்ந்து உயிரிழப்பதும் அங்கே புதிதல்ல. ஆகவே இயந்திரப் படகுகள் காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் பெருகின. பழவேற்காட்டு மீனவர் கட்டுமரத்தோடும் ஏரித் தோணியோடும் நின்றார்.

விளைவுகள் அமைச்சரின் காலத்துக்குப் பிறகே தெரிந்தன. அறுபதுகளில் இறால் ஏற்றுமதி வளர்ந்தது. 1966-இல் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டதும் ஏற்றுமதியாளருக்கு லாபம் கூடியது. மீன் பிடிக்கக் கொடுத்த இயந்திரப் படகுகள் இறாலைத் தேடி இழுவலையோடு கரையை ஒட்டி வந்தன. இறால் இருந்தது ஆழ்கடலில் அல்ல, கட்டுமரக்காரர் வலை விரிக்கும் அதே கரைக்கடலில். வலைகள் அறுந்தன. எழுபதுகளில் சென்னைக் கரையில் இரு தரப்புக்கும் கடும் மோதல்கள் நடந்தன. படகுக்குச் சொந்தக்காரர்களில் கடலுக்கே போகாத முதலாளிகளும் சேர்ந்துகொண்டார்கள். 1978-இல் நாட்டின் பாரம்பரிய மீனவர் அமைப்புகள் ஒன்றுகூடித் தேசிய அளவில் ஒரு மன்றத்தை உருவாக்கின. இறுதியில் 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை இயந்திரப் படகுகளுக்குத் தடை. ஒரு கால் நூற்றாண்டுக்கு முன் மானியம் கொடுத்து இறக்கிய படகுகளைக் கரையிலிருந்து விலக்கி நிறுத்த அரசே சட்டம் போட வேண்டியதாயிற்று.

இதற்கு லூர்தம்மாளைக் குற்றம் சொல்வது எளிது, நியாயமன்று. இழுவலைக்கும் ஏற்றுமதிக்கும் அவர் வழி திறந்தார் என்பதைவிட, அவர் தொடங்கியது வேறு கைகளுக்குப் போய் வேறு நோக்கத்துக்குப் பயன்பட்டது என்பதே பொருத்தம். எனினும் அந்தத் திட்டத்தில் ஒரு குருட்டுப் புள்ளி இருந்தது. படகு யாருக்கு என்று கேட்ட திட்டம், கடல் யாருக்கு என்று கேட்கவில்லை. பாடு முறையில் பழவேற்காட்டு ஊர்கள் கேட்டு, தமக்குத் தெரிந்த வகையில், குறைகளோடு, விடையும் சொல்லியிருந்த கேள்வி அதுதான்.

பிற்காலம்

1962 தேர்தலுக்குப் பின் குளச்சலின் உறுப்பினராக ஏ. சுவாமிதாஸ் வந்தார். லூர்தம்மாள் அமைச்சரவைக்குத் திரும்பவில்லை. 1962-இல் அமைந்த காமராசரின் மூன்றாவது அமைச்சரவையில் பெண்ணாக ஜோதி வெங்கடாசலம் இடம்பெற்றார். நாற்பது ஆண்டுகள் கழித்து 2002-இல் லூர்தம்மாள் காலமானார். அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் ஆழிப்பேரலை குளச்சலையும் பழவேற்காட்டையும் ஒரே காலையில் தாக்கியது.

அந்தப் பேரழிவுக்குப் பிறகு நிவாரணப் பொருட்கள் பல ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து வழியாகவே பகிரப்பட்டன. யாருக்குத் தலைக்கட்டு உண்டோ அவர் பெயரில் பட்டியல் தயாரானது. கைம்பெண்களும் ஊர்க் கணக்கில் சேராதவர்களும் பட்டியலுக்கு வெளியே நின்ற குறைகள் கடற்கரை நெடுகக் கேட்டன. சட்டப் பஞ்சாயத்துக்கும் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் இடையில் 1958 விட்டுவைத்த இடைவெளி அன்று வெளிச்சத்துக்கு வந்தது.

சட்டப் பஞ்சாயத்தின் கதையும் நேர்கோட்டில் போகவில்லை. 1970-க்குப் பின் 1986 வரை ஊராட்சித் தேர்தல் நடக்கவில்லை. பதினாறு ஆண்டுகள் தலைவர்கள் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் அதிகாரிகள் இருந்தார்கள். அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தத்துக்குப் பின் வந்த 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கப்பட்டது. 2016-இல் அது பாதியானது. இந்த ஒதுக்கீட்டால் கடற்கரை ஊராட்சிகளில் பெண் தலைவர்கள் கையெழுத்திட்டார்கள். அதே ஊர்களில் வலையையும் துறையையும் பற்றி முடிவெடுக்கும் ஊர்க்கூட்டங்களில் பெரும்பாலும் ஆண்களே உட்காருகிறார்கள்.

மீனவச் சமூகத்திலிருந்து அமைச்சர்கள் பிறகும் வந்தார்கள். எம்.ஜி.ஆர். காலத்தில் ஜி. ஆர். எட்மண்ட், பின்னாளில் நாகப்பட்டினத்தின் கே. ஏ. ஜெயபால், இராயபுரத்தின் டி. ஜெயக்குமார் போன்றோர் உண்டு. கடற்கரையின் நீளத்தோடு ஒப்பிட்டால் இந்தப் பட்டியல் சிறியது. தொகுதி எல்லைகள் கரையிலிருந்து உள்நாட்டுக்குள் நீளும்போது மீனவர் வாக்குகள் ஒவ்வொரு தொகுதியிலும் சிறுபான்மை ஆகிவிடுவது ஒரு காரணம். பழவேற்காடு அமைந்த பொன்னேரித் தொகுதி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி. நெல் விளையும் ஊர்களும் தொழிற்சாலைப் பகுதிகளும் சேர்ந்த அத்தொகுதியில் ஏரிக்கரைக் குப்பங்கள் ஒரு மூலைதான். குளச்சல் அப்படியல்ல. கடற்கரையில் ஊரோடு ஊர் ஒட்டி நிற்கும் பகுதி அது.

இரு ஊர்களுக்கும் பழைய உறவு ஒன்றும் உண்டு. பழவேற்காட்டில் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிச் சோழமண்டலக் கரையின் வணிகத்தை நடத்தியவர்கள் டச்சுக்காரர்கள். 1741-இல் அதே டச்சுக் கம்பெனியின் படை குளச்சல் கரையில்தான் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது. குளச்சலில் அந்த வெற்றிக்கு ஒரு தூண் நிற்கிறது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைகள் மிஞ்சியிருக்கின்றன. கல்லறைகளைத் தாண்டிப் படகுத் துறைக்குப் போகும் வழியில், முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்கும் பணி எப்போது முடியும் என்று மீனவர்கள் நெடுங்காலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.